கை வைங்க, முதலாளி

செய்தி வந்தபோது மாலை ஏழு மணி. கல்லூரி நூலகத்தில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் போனில் கூப்பிட்டார். வீதியே அவரை ஆணி என்றுதான் அழைக்கும். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற மனிதர் அன்றைக்கு, "சாப்பிட்டியாம்மா?" என்று ஆரம்பித்தார்.

"ஏழு மணிக்கா? என்னண்ணே விஷயம்?"

"அக்கா கூட யாரு இருக்கா இப்ப?"

"அவ பொண்ணு இருப்பா. ஏன்?"

"நேரா அங்க போ. டிவியப் போட விடாத. நான் பின்னாலயே வரேன்." அதற்கு மேல் அவரால் சுற்றி வளைக்க முடியவில்லை. "நம்ம ஸ்பிரிங்கச் சுட்டுட்டாங்கம்மா. போலீஸ். கண்ணாடிக்கடை வாசல்ல. போயிட்டாரு."

ஸ்பிரிங் என் அத்தான்; அக்காவின் கணவர். கடைகளின் இரும்பு ஷட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். அந்த வீதியில் ஏறுகிற, இறங்குகிற ஷட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு முறையாவது அவர் கை பட்டிருக்கும்.

நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா டிவியைப் போட்டிருந்தாள். கடையை உடைக்க முயன்ற திருடன் போலீஸ் சுட்டதில் பலி என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வரவில்லை, முகமும் காட்டவில்லை. கண்ணாடிக்கடை வாசலில் ஒரு மர ஸ்டூல் கவிழ்ந்து கிடந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதன் ஒரு கால் எப்போதோ விரிசல் விட்டு, அதில் நீலத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. எங்கள் பழைய ஜன்னல் திரையில் கிழித்த துணி.

"அது நம்ம ஸ்டூலு" என்றாள் அக்கா. என்னிடம் சொல்லவில்லை. டிவியிடம் சொன்னாள்.

அத்தானைப் பற்றி நான் எழுதுவதில் அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார். "இதோ அஞ்சு நிமிஷம்" என்று போனில் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஊர் ஷட்டர்களுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவருடைய சைக்கிள் பிரேக் பூனை மிதிபட்ட மாதிரி கத்தும். கேட்டால், "பெல்லு வாங்குற செலவு மிச்சம்" என்பார். எனக்கு டிகிரி என்று பெயர் வைத்தவர் அவர்தான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "டிகிரி வந்தாச்சு, வீடு சூடாயிடும், ஃபேனப் போடு" என்று மகளிடம் சொல்வார். யாராவது தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தால், "தலைக்கு மேல வேலைங்க" என்பார். உண்மையிலேயே அவருக்கு வேலை தலைக்கு மேல்தான். ஷட்டர் சுருண்டு ஏறும் குழல் வாசலின் உச்சியில் இருக்கும். அதற்குள்தான் ஸ்பிரிங். ஸ்டூல் மீது ஏறி, குழலின் துளையில் கம்பியைச் செருகி, ஸ்பிரிங்கைச் சுற்றுச் சுற்றாக முறுக்கி ஏற்ற வேண்டும். அந்த முறுக்குதான் இரும்புத் தகட்டின் மொத்த எடையையும் தாங்குகிறது. முறுக்கிக்கொண்டிருக்கும்போது கம்பியை விட்டுவிட்டால் அது சுழன்று கிடைத்ததை அடிக்கும்; தகடு கத்தி மாதிரி கீழே இறங்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்காரர் சாவியை அவரிடம் கொடுத்து, "வேலையை முடிச்சுட்டுப் பூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் கடையில் ஒரு துணிக்கட்டு காணோம். அத்தானை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்ததோடு விடவும் இல்லை. பிறகு அந்தக் கட்டு கடைக்காரருடைய கிடங்கிலேயே கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சில நாள் குப்புறப் படுத்தே தூங்கினாராம்.

அதிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். வரச் சொன்ன கடைக்காரர் கூடவே நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, ஒரு கை ஷட்டரின் மேல் இருக்க வேண்டும். வேலை முடிகிறவரை எடுக்கக் கூடாது. "கை வைங்க, முதலாளி" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார்.

"உங்க கை இருந்தா, தொறக்கறது நீங்க. நான் வெறும் கூலி" என்பார்.

பெரிய கடை, சின்னக் கடை, நண்பன், உறவு எதுவும் கணக்கில்லை. ஆணி ஒரு முறை காலை முறித்துக்கொண்டு கட்டுப் போட்டுக் கிடந்தபோது கடை ஷட்டர் மாட்டிக்கொண்டது. "நான் எங்கய்யா வர்றது, நீயே பாத்துப் பண்ணு" என்று போனில் கெஞ்சியிருக்கிறார். "காலுதானே ஒடஞ்சது, கை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டு, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டுபோய் ஆணியை நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் இறக்கினார் அத்தான். வீதியே கூடி நின்று சிரித்தது. ஆணி ஷட்டரில் கையை வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அத்தான் ஸ்டூலில் நின்றபடி, "கொஞ்சம் மேல திட்டுங்க முதலாளி, இங்க சரியாக் கேக்கல" என்றாராம்.

அக்காவை அவர் பார்த்ததும் இந்தச் சட்டத்தால்தான். அவள் அப்போது ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். ஷட்டர் பழுது பார்க்க வந்தவரிடம் முதலாளி, "எனக்கு வேலை இருக்கு, இந்தப் பொண்ணு கை வைக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சீக்கிரம் முடிய வேண்டிய வேலை மதியச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்தது. "கை மரத்துப் போச்சுடி எனக்கு" என்று அக்கா இன்னும் சொல்வாள். "எடுத்திருக்கலாமே?" என்று கேட்டால், "எடுத்தா எறங்கிப் போயிடுவாரே" என்பாள்.

அத்தான் இறந்த அன்று மாலை பக்கத்து வீதியில் ஏதோ ஊர்வலம். கல் எறிந்தார்கள் என்று பேச்சு. ஆறு மணிக்குள் கடைகளை அடைத்துவிட்டு எல்லோரும் போய்விட வேண்டும் என்று போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனது. எல்லாக் கடையும் இறங்கியது. கண்ணாடிக்கடை ஷட்டர் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடி விற்கிற கடை அது. கடைக்காரர் அத்தானுக்குப் போன் செய்தார். அத்தான் டீயைக் கையில் எடுத்திருந்தார்.

"தெருவெல்லாம் போலீஸ் நிக்குதாம். காலையில போங்க" என்றாள் அக்கா.

"பாதியில நிக்கிற ஷட்டர வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் எப்படிடி தூங்குவான்?" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். அதில் அத்தான் திருடன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஷட்டரை உடைத்தவர், கையும் களவுமாகப் பிடித்தபோது இரும்புக் கம்பியால் தாக்க வந்தவர். ஏற்கெனவே திருட்டுச் சந்தேகத்தில் விசாரிக்கப்பட்டவர் என்றும் ஒரு வரி. அந்தத் துணிக்கட்டு அவ்வளவு வருடம் ஸ்டேஷன் அலமாரியில் காத்திருந்திருக்கிறது.

"இதுல திருடன்னு போட்டிருக்கு சார். அந்த வார்த்தைய அடிச்சுட்டுக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாள் அக்கா.

"அம்மா, இது ஒரு ஃபார்மாலிட்டி. ஒடம்ப வாங்கிட்டுப் போறதுக்கு."

"அப்ப அடிக்கறதும் ஃபார்மாலிட்டிதானே?"

அவர் என்னைப் பார்த்தார். படித்த பெண் எடுத்துச் சொல்லும் என்று நினைத்திருப்பார். நான் பேனாவை என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். கடைசியில் வேறொரு தாளில், உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஊர்வலச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்குப் போய்விட்டதாகவும், காலையில் வரச் சொல்லித்தான் போன் செய்ததாகவும் போலீஸில் சொல்லியிருக்கிறார் என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. டிவியிலும் அதையே சொன்னார். கேமராவைப் பார்க்காமல், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவர் மாதிரி சொன்னார்.

வீதி அதைக் கேட்டது. அங்கே ஒருவர்கூட நம்பவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு செய்தி. வீதிக்காரர்களுக்கோ அது நடக்க முடியாத காரியம். முதலாளி கை ஷட்டரில் இல்லாமல் அத்தான் கம்பியைத் தொட்டார் என்று சொல்வது, மீன் மரம் ஏறியது என்று சொல்வது போல.

காலையில் ஆணியின் கடைக்குள் கூட்டம் நிற்க இடமில்லை. மருந்துக்கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. யாரோ கண்ணாடிக்கடையை நொறுக்கிவிடலாம் என்றார்கள். ஒருவன் கையில் கல்லே இருந்தது. அக்கா உள்ளே வந்தபோது எல்லோரும் வழி விட்டார்கள்.

"அந்தக் கல்லக் கீழ போடுப்பா" என்றாள்.

"அண்ணி, அந்தாளு பொய் சொல்றான் அண்ணி."

"தெரியும். அவன் வாயத் தொறந்து பேசணும் எனக்கு. பல்ல ஒடச்சுட்டா எப்படிப் பேசுவான்?"

கல் கீழே விழுந்தது. கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். அடக்கம் முடிகிறவரை எல்லாக் கடையும் பூட்டியிருக்க வேண்டும், கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. ஆணி அதைப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பணிவைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது.

"எதுக்கு சார் பூட்டணும்?" என்று கேட்டார்.

"பாதுகாப்புக்குத்தான்."

"யாருகிட்டருந்து? திருடனத்தான் நீங்க சுட்டுட்டீங்களே. இனிமே எங்களுக்குப் பூட்டு எதுக்கு?"

வந்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பின்னால் நின்ற வாட்ச் கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கூட்டத்துக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் அது சிரிப்பாக இல்லை. "ஆமா, எதுக்குப் பூட்டு?" என்று அக்கா மெதுவாகத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தொறந்து போடுங்க. யாரும் பூட்ட வேணாம்."

கடைக்காரர்களுக்குப் பூட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. பூட்டிய பூட்டைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் மறுபடி சந்தேகம் வந்து திரும்புகிறவர்கள் அவர்கள். வாட்ச் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவர்தான் முதலில் தன் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்தார். அடக்கத்துக்குப் போகிற வழியில்தான் ஸ்டேஷன். அத்தானைச் சுமந்துபோன கூட்டம் அதன் வாசலில் நின்றது. ஒவ்வொருவராகப் போய் ஸ்டேஷன் படியில் பூட்டை வைத்துவிட்டு வந்தார்கள். பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, துருப்பிடித்தது, உள்ளங்கை அளவு பெரியது. சாவியும் அதிலேயே தொங்கியது. கொஞ்ச நேரத்தில் படி தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "என்னம்மா இது?"

"பூட்டு சார்" என்றாள் அக்கா.

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"நீங்களே வெச்சுக்குங்க. பாதுகாப்புக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீதி திறந்தே கிடந்தது. பகலிலும் இரவிலும். வேறு வழியில்லாமல் போலீஸே வந்து காவல் நிற்க வேண்டியதாயிற்று. ஏதாவது ஒன்று திருடு போனால் அத்தனையும் அவர்கள் தலையில்தான் விடியும். ஆணி கடைக்கு முன்னால் நின்ற காவலருக்கு வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் தேவைப்பட்டிருக்கிறது. "எடுத்துக்கங்க சார், காசக் கல்லாவுல போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றாராம் ஆணி. அந்தக் காவலர் மறுநாள் வேறு மூலைக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார். வீதியில் காணாமல் போனது ஒரே ஒரு குடை. மழை விட்டதும் அதுவும் திரும்பி வந்துவிட்டது. போலீஸ் ஒரு வேனில் பூட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தது. யாரும் தங்களுடையதை அடையாளம் சொல்லவில்லை. வேன் அப்படியே திரும்பிப் போனது.

இதையெல்லாம் பத்திரிகைகள் எழுதின. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அரசாங்கம் ஒரு விசாரணைக்கும் உத்தரவு போட்டது. ஆனால் தாளில் அத்தான் திருடனாகவே இருந்தார்.

அக்காவின் மகள் பாப்பா மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி. யாரும் ஒண்ணும் சொல்லல. என் பக்கத்துல உக்கார்றவ பைய எடுத்து அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டா. அவ்வளவுதான்."

அக்கா தையல் மெஷினில் இருந்தாள். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. கண்ணாடிக்கடைக்குப் போனாள்.

சுடப்பட்ட மாலையில் அந்த ஷட்டர் கோணலாகச் சரிந்து, முழங்கால் அளவில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. கடைக்காரர் பக்கத்து ஊர் ஷட்டர்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். இடத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். ஆகவே அவர் தினமும் கையை ஊன்றித் தவழ்ந்துதான் தன் கடைக்குள் போய்வந்தார். உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு, வராத வாடிக்கையாளர்களுக்காகக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அக்கா வலது கையை அந்த ஷட்டரின் மேல் வைத்து நின்றாள்.

உள்ளிருந்து அவருக்கு அவள் செருப்பும் புடவை விளிம்பும்தான் தெரிந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து, "அம்மா, போயிடுங்கம்மா" என்று குரல் வந்தது. அக்கா போகவில்லை. மதியம் ஆணி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், உட்கார மறுத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுநாளும் போனாள். அடுத்த நாள் வாட்ச் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் ஒரு கை வைத்தார். மருந்துக்கடைக்காரர் வந்தார். மதியத்துக்குள் அந்தக் கோணல் தகட்டில் கை வைக்க இடமில்லை. யாரும் தட்டவில்லை, அசைக்கவில்லை, கோஷம் போடவில்லை. ஒருவர் கை வலித்தால் எடுத்துவிட்டு மற்றவரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். இடையிடையே ஆணி மட்டும் குனிந்து, "உள்ள புழுக்கமா இருக்குமே, ஃபேன் ஓடுதா?" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் தவழ்ந்து வெளியே வந்தார். முழங்காலில் தூசியோடு எழுந்து நின்றபோது, சுற்றி இருந்தவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். நானும் அங்கே இருந்தேன்.

"நான் இருந்தேன்மா" என்றார். "நான்தான் வரச் சொன்னேன். என் கை இதுலதான் இருந்துச்சு. தலையும் தகட்டுக்கு அடியில குனிஞ்சு இருந்துச்சு, லைட்டு காட்டிக்கிட்டு. ஸ்பிரிங்க முழுசா முறுக்கிட்டாரு. கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அப்பத்தான் கத்துனாங்க. கம்பியக் கீழ போடு, கையத் தூக்குன்னு."

தகட்டின் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினார்.

"அவர் விட்டிருந்தா இது என் கழுத்துல எறங்கியிருக்கும். விடல. 'முதலாளி, கைய எடுத்துக்கங்க, தலைய உள்ள இழுத்துக்கங்க'ன்னாரு. பதட்டப்படக்கூட இல்ல. நான் உள்ள விழுந்தேன். அப்புறம் சத்தம்."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"இன்ஸ்பெக்டர் என்னை இழுத்து வெளிய போட்டாரு. 'நீ உள்ள இல்ல, புரியுதா? உத்தரவ மீறி ஆளைக் கூப்பிட்டது நீதான்னு போட்டா அப்புறம் கொலையே உன் மேலதான்'னாரு. நான்..." அவர் தன் கையைப் பார்த்தார். "எனக்குப் பயம்மா."

அக்கா அவர் பக்கம் குனிந்தாள். அவளுடைய கை அப்போதும் ஷட்டரில்தான் இருந்தது.

"கைய எடுத்துக்கங்கன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"இத விசாரணையில வந்து சொல்லுவீங்களா?"

"சொன்னா கடைய மூடிடுவாங்கம்மா."

"இப்ப மட்டும் தொறந்தா இருக்கு?" என்றார் ஆணி. "தவழ்ந்துதானய்யா போற!"

சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், அதற்குள் அழுதும்விட்டார். கல் வைத்திருந்தவன்தான் போய் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தான்.

விசாரணை ஒரு அரசு அலுவலகத்தின் மாடியில் நடந்தது. எங்களில் சாட்சியை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஓரத்தில் கால் மேல் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீதி முழுவதும் மாடிப்படியில் நின்றது. கடைகள் வீதியில் திறந்து கிடந்தன. அக்கா வாசலைத் தாண்டவில்லை, கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கடைக்காரர் தலையைத் திருப்பினால் தெரிகிற மாதிரி நின்றாள். அவர் நாலைந்து முறை திருப்பினார்.

"முதலில் கொடுத்த வாக்குமூலத்துல நீங்க அங்க இல்லன்னு இருக்கே?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"அது பொய்ங்க."

"பொய் சொன்னா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க. அத எழுதிக்குங்க. இதையும் எழுதிக்குங்க."

பிறகு அவர் வீதியில் சொன்ன அத்தனையும் சொன்னார். யார் மிரட்டியது என்று கேட்டதற்கு விரலை நீட்டிக் காட்டினார். விரல் சரியான இடத்தில்தான் நின்றது. இன்ஸ்பெக்டர் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார். கம்பியைக் கீழே போடாத ஒரே காரணத்துக்காகவா சுட்டீர்கள் என்று சுட்ட காவலரைக் கேட்டார்கள். அவர் சின்னப் பையன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அளவுக்கு நாங்கள் வென்றோம். இன்ஸ்பெக்டரை எங்கோ மாற்றினார்கள். வழக்கு நடக்கிறது, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கடைக்காரர் அந்த ஷட்டரை வெட்டி எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போது அவர் கடைக்கு ஷட்டரே இல்லை. வீதியில் வேறு சிலரும் பூட்டு வாங்கவில்லை. பழகிவிட்டது என்கிறார்கள். வாட்ச் கடைக்காரர் மட்டும் வாங்கிவிட்டார். அதற்காக ஆணி அவரைத் தினமும் கேலி செய்கிறார்.

விசாரணை அதிகாரியின் உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. ஸ்டேஷன் பதிவில் திருடன் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, அடித்த பக்கத்தின் நகல் ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். பாப்பா அதைப் பள்ளிக்கு எடுத்துப் போகப் போவதாகச் சொன்னாள். யாரிடமும் காட்ட மாட்டாளாம். பைக்குள் இருந்தால் போதுமாம்.

அதற்காக ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். அக்கா, நான், ஆணி, கண்ணாடிக்கடைக்காரர், அன்றைக்குக் கடையை விட்டு வர முடிந்த எல்லோரும். உட்கார பெஞ்சு போதாது. அதிகாரி வரவில்லை என்பார்கள், முத்திரை இல்லை என்பார்கள், பதிவு மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்பார்கள். "சரிங்க, அடுத்த திங்கள் வரோம்" என்று அக்கா சொல்வாள். முதலில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது எங்கள் காலடிச் சத்தம் கேட்டதுமே உள்ளே நாற்காலிகள் நகர்கின்றன.

போன திங்கட்கிழமை எழுத்தர் தடித்த பதிவேட்டைத் தானே எடுத்துவந்து மேசையில் வைத்தார். பக்கத்தைத் தேடிப் பிரித்தார். அந்தச் சொல்லுக்குக் கீழே அளவுகோலை வைத்தார். பேனா மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். உள்ளறையில் போன் அடித்தது. எழுந்து போனார். அலுவலக நேரம் முடியும்வரை நாங்கள் மேசையைச் சுற்றி நின்றோம். அவர் திரும்பி வரவில்லை. கோடு இன்னும் போடவில்லை.